தாலி கட்டும் படத்தில் பாதி சாம்பல்: இனி எந்த ஃபைல் சிஸ்டத்தை நம்புவது?

வண்ணார்பேட்டை கேமரா | சனி இரவு 10.20

வணக்கம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் 2011லிருந்து ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எல்லாம் எடுப்போம். கையில் இப்போது 9 டிபி அளவுக்குப் படமும் வீடியோவும் இருக்கிறது.

போன வாரம் ஒரு பையன் வந்தான். 2016ல் அவன் கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ. மனைவியை சிங்கப்பூருக்குக் கூட்டிப்போக விசா போடுகிறானாம், தாலி கட்டும் படம் ஒன்று பெரிதாக பிரிண்ட் வேண்டும் என்றான். திறந்தால் மேல் பாதியில் மாப்பிள்ளை முகம், பந்தல், தோரணம் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. கீழ்ப் பாதி முழுக்கச் சாம்பல். தாலி இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்டு பூசின மாதிரி. இன்னொரு டிஸ்க்கில் இருந்த நகலைத் திறந்தேன். அதிலும் அதே சிமெண்டு.

முன்கதையையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்னால் என்னிடம் மூன்று நகல் இருந்தது. ஒன்று கடையில். ஒன்று ஸ்ரீவைகுண்டத்தில் மாமனார் வீட்டு பீரோவில். கொஞ்சம் பழைய நகல் ஒன்று சங்கரன்கோவிலில் என் உதவியாளர் வீட்டில். தாமிரபரணி ஆறு ஏறி வந்தபோது கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். மாமனார் வீட்டில் டிஸ்க் இருந்தது பீரோவின் கீழ்த்தட்டில். ஒரே ஆறு இரண்டையும் கொண்டுபோனது. சங்கரன்கோவில் டிஸ்க் மட்டும் தப்பியது. அதிலிருந்து இரண்டு புது டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன். திட்ட வேண்டியவர்கள் திட்டலாம்.

இப்போது இருப்பவை இரண்டும் யுஎஸ்பி டிஸ்க். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, அதாவது ஃபைல் சிஸ்டம், ஒன்றில் என்டிஎஃப்எஸ், இன்னொன்றில் எக்ஸ்ஃபேட். ஒரு பழைய பிசி சும்மா கிடக்கிறது, லினக்ஸ் போடலாம் என்று நினைக்கிறேன். ஒருவர் இசட்எஃப்எஸ் என்கிறார், ஒரு தம்பி பிடிஆர்எஃப்எஸ் என்கிறான், டிஸ்க் விற்ற கடை அண்ணாச்சி "அதெல்லாம் எதுக்கு, இருக்கிறதே போதும்" என்கிறார். எதை நம்பலாம்?

பாளை லேப் | சனி இரவு 10.48

கல்லூரி லேபில் 22 வருஷமாக மெஷின் பார்க்கிறேன். என் பதில் ஒரே வார்த்தை: இஎக்ஸ்டி4. 2008லிருந்து லினக்ஸின் மையமான கெர்னலில் இருக்கிறது, எழுதப் போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் இருக்கிறது, எத்தனை தடவை கரண்ட் போனாலும் எழுந்து வந்துவிடும். எந்த லினக்ஸிலும் சொருகினால் படிக்கும். புதுசு புதுசாக எதையாவது போட்டு அப்புறம் அழ வேண்டாம்.

அம்பை சர்வர் | சனி இரவு 11.15

பாளை அண்ணாச்சி மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்கு அந்தப் பதில் சேராது.

ஜர்னல் காப்பாற்றுவது ஃபைல் சிஸ்டத்தின் எலும்புக்கூட்டை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த இடம் காலி என்ற கணக்கு குழம்பாமல் பார்த்துக்கொள்ளும். ஃபைலுக்குள் இருக்கும் படம் நேற்று எழுதினபடியே இன்றைக்கும் இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. இஎக்ஸ்டி4, அதைப் போன்ற எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் செக்சம் (டேட்டாவிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) உண்டு, ஆனால் அந்தக் கணக்குப் பகுதிக்கு மட்டும். என்டிஎஃப்எஸ்ஸிலும் உங்கள் படத்துக்குச் செக்சம் கிடையாது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலே கிடையாது, எழுதிக்கொண்டிருக்கும்போது ஒயரைப் பிடுங்கினால் கணக்கே குழம்பும். கேமரா கார்டுக்கு அது சரி. 9 டிபிக்கு வேண்டாம்.

கேமரா அண்ணனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மொய் நோட்டு. பக்கத்துக்குக் கீழே கூட்டுத்தொகை போட்டு, அதையே அடுத்த பக்கத்தின் தலையில் "முன்பக்கத் தொகை" என்று எழுதுவோம் இல்லையா? யாராவது ஒரு பக்கத்தில் 501ஐ 101 ஆக்கினால் அடுத்த பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். இசட்எஃப்எஸ்ஸும் பிடிஆர்எஃப்எஸ்ஸும் இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு துண்டு டேட்டாவுக்கும் ஒரு செக்சம். இசட்எஃப்எஸ்ஸில் அந்தச் செக்சம் துண்டோடு இருக்காது. அந்தத் துண்டைச் சுட்டிக்காட்டும் மேல் பக்கத்தில் இருக்கும், அந்தப் பக்கத்தின் செக்சம் அதற்கும் மேலே, இப்படியே உச்சி வரைக்கும். படிக்கும் ஒவ்வொரு முறையும் கூட்டிப் பார்க்கும். சேரவில்லை என்றால் சிமெண்டு பூசின படத்தைக் கொடுக்காது, "படிக்க முடியவில்லை" என்று சொல்லிவிடும்.

மிரர் போட்டிருந்தால், அதாவது ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே எழுதினால், இன்னும் ஒன்று நடக்கும். அடுத்த டிஸ்க்கில் இருக்கும் நல்ல நகலை எடுத்துக் கொடுத்துவிட்டு, கெட்டதையும் திருத்தி எழுதிவிடும்.

பாளை லேப் | சனி இரவு 11.31

மிரர் இஎக்ஸ்டி4க்குக் கீழேயும் போடலாமே.

அம்பை சர்வர் | சனி இரவு 11.40

போடலாம். ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். ஆனால் இரண்டும் உயிரோடு இருந்து, இரண்டும் வேறு வேறாகச் சொன்னால்? சாதாரண சாஃப்ட்வேர் ரெய்டுக்கு (டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) எது நிஜம் என்று தெரியாது. இரண்டு சாட்சி, இரண்டு கதை, வழக்கைத் தீர்க்க மூன்றாவது ஆள் இல்லை. அந்த மூன்றாவது ஆள்தான் செக்சம்.

காற்றாடி | ஞாயிறு காலை 6.50

திசையன்விளையில் சர்வீஸ் கடை. ஃபைல் சிஸ்டம் சண்டைக்குள் வரவில்லை, அந்தப் படம் எப்படிக் கெட்டது என்று யாருமே கேட்கவில்லையே.

ஜேபெக் மேலிருந்து கீழே வரிசையாகப் படிக்கப்படும். நடுவில் ஒரு இடம் கெட்டால் அதற்குக் கீழே எல்லாம் போச்சு. அதனால்தான் பாதிப் படம். இதில் கொடுமை என்னவென்றால், ஃபைலுக்குள்ளேயே ஒரு குட்டிப்படம் தனியாக இருக்கும். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் அந்தக் குட்டிப்படம்தான் தெரியும், எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரி. பெரிதாகத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். ஃபைல் சைஸும் தேதியும்கூட மாறியிருக்காது.

காரணம் டிஸ்க்காகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கார்டு ரீடர், ஆடிப்போன யுஎஸ்பி ஒயர், விலை குறைந்த யுஎஸ்பி பெட்டி, ரேம், எதுவும் இருக்கலாம். காப்பி செய்யும்போது ரேமில் ஒரு பிட் புரண்டால் புது டிஸ்க்கில் "சரியாக" கெட்ட படம் எழுதப்படும். அதற்குப் பிறகு நீங்கள் பத்து நகல் எடுத்தாலும் பத்தும் கெட்டதுதான். முதலில் அந்தப் பழைய பிசியில் ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட் ஓட்டுங்கள். அது தேறாமல் எந்த ஃபைல் சிஸ்டமும் போடாதீர்கள்.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்குகளை என்ன செய்தீர்கள்?

வண்ணார்பேட்டை கேமரா | ஞாயிறு காலை 8.05

வெயிலில் இரண்டு நாள் காய வைத்து பவர் கொடுத்தேன். டிக் டிக் என்றது. அதோடு சரி.

காற்றாடி | ஞாயிறு காலை 8.12

அதைத்தான் எல்லாரும் செய்தார்கள். அந்த மாதம் என் மேஜையில் வந்த டிஸ்க்குகளில் முக்கால்வாசி இப்படிப் பவர் கொடுத்தவைதான். ஹீலியம் அடைத்த டிஸ்க் தவிர மற்றவற்றில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. வண்டல் தண்ணீர் அது வழியே உள்ளே போகும். காய்ந்தால் சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும், பவர் கொடுத்தால் ஹெட் அதன் மேல் உரசும். நனைந்த டிஸ்க்குக்கு ஒரே வைத்தியம், பவர் கொடுக்காமல் ரெக்கவரி தெரிந்தவர்களிடம் சேர்ப்பது.

மேலப்பாளையம் டூ மஸ்கட் | ஞாயிறு பகல் 12.30

ஸ்டோரேஜ் டீமில் வேலை. இரண்டு பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன்.

காற்றாடி சொல்வது சின்னக் கடைக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. 2007ல் ஐரோப்பாவின் செர்ன் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் தங்கள் சர்வர்களில் இன்னது என்று தெரிந்த டேட்டாவை எழுதி, பிறகு படித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எந்த எச்சரிக்கையும் வராமல் மாறிப்போன துண்டுகள் இருந்தன. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி.

பிடிஆர்எஃப்எஸ் 2009ல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. ஃபெடோரா என்ற லினக்ஸ் 2020லிருந்து டெஸ்க்டாப்புக்கு அதையே கொடுக்கிறது. ஒரு டிஸ்க்கிலும் இரண்டு டிஸ்க் மிரரிலும் எனக்குத் தொல்லை தந்ததில்லை. அளவு வேறு வேறான டிஸ்க்குகளைச் சேர்த்துக்கொள்ளும், அது பெரிய வசதி. ஆனால் டேட்டாவைப் பல டிஸ்க்கில் பிரித்துப் போடும் அதன் ரெய்டு 5, ரெய்டு 6 பக்கம் போகாதீர்கள். வேண்டாம் என்று அவர்களுடைய ஆவணமே சொல்கிறது. "பிடிஆர்எஃப்எஸ் என் டேட்டாவைத் தின்றுவிட்டது" என்று வரும் கதைகளில் பாதி இங்கேதான் தொடங்கும்.

இசட்எஃப்எஸ் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்தது, 2005ல் மூலநிரலோடு வெளியே வந்தது. லைசென்ஸ் ஒத்துப்போகாததால் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்து வராது, தனியாக ஏற்ற வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸில் இது ஒரு வரி வேலை. ஆனால் கெர்னல் அப்டேட் ஆனதும் இசட்எஃப்எஸ் மாட்யூல் (கெர்னலோடு சேரும் துண்டு) ஏறவில்லை என்றால் பயந்துவிடாதீர்கள், டேட்டா எங்கேயும் போகாது.

இரண்டு வதந்தியையும் இங்கேயே முடித்துவிடுவோம். ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ரேம் கட்டாயம் என்பது தப்பு. டூப்ளிகேட் நீக்கும் வசதியைப் போட்டால்தான் ரேமை விழுங்கும், போட்டோவுக்கு அது தேவையே இல்லை. 8 ஜிபி போதும். இசிசி ரேம் (தன் பிழையைத் தானே திருத்தும் ரேம்) இல்லாவிட்டால் இசட்எஃப்எஸ் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பதும் தப்பு. இசிசி இருந்தால் நல்லது, எந்த ஃபைல் சிஸ்டத்துக்குமே நல்லது.

இப்போது அம்பை தம்பிக்கு ஒரு குட்டு. 2023 நவம்பரில் இசட்எஃப்எஸ்ஸிலேயே ஒரு பிழை வெளிப்பட்டது. அதன் 2.2.0 பதிப்பு வெளியான பிறகு, சில நேரம் ஒரு ஃபைலை எழுதி முடித்த உடனே காப்பி செய்தால், காப்பிக்குள் நடு நடுவே வெறும் சைபர். தேடிப்போனால் அந்தப் பிழை பழைய பதிப்புகளிலும் ரொம்ப நாளாக ஒளிந்துகொண்டிருந்தது. சைபரையே ஒழுங்காக எழுதி, சைபருக்கே ஒழுங்காகச் செக்சமும் போட்டதால், எந்தச் சோதனையிலும் அது சிக்காது. 2.2.2லும் 2.1.14லும் சரிசெய்தார்கள். மொய் நோட்டில் கூட்டல் சரிதான், எழுதும்போதே தொகையை மாற்றி எழுதினால் கூட்டல் என்ன செய்யும்?

அம்பை சர்வர் | ஞாயிறு பகல் 12.52

குட்டை வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் நான் தூங்கவில்லை.

பாளை லேப் | ஞாயிறு மாலை 4.10

பார்த்தீர்களா. நான் பயப்படுவது இதற்குத்தான். இன்னொன்றும் சொல்கிறேன். ரெய்சர்எஃப்எஸ் ஞாபகம் இருக்கிறதா? 2001ல் கெர்னலுக்குள் வந்தபோது அதுதான் எதிர்காலம் என்றார்கள். எங்கள் லேபிலேயே நாலு மெஷினில் போட்டோம். 2025ல் 6.13 கெர்னலிலிருந்து தூக்கிவிட்டார்கள். பிகேஷ்எஃப்எஸ் 2024 ஜனவரியில் உள்ளே வந்தது, மறு வருஷமே வெளியே போனது. கல்யாணப் போட்டோ 30 வருஷம் இருக்க வேண்டிய பொருள். அந்த டிஸ்க்கை 2050ல் படிக்கிற மெஷின் இருக்குமா என்பதும் நம்பகம்தான். இஎக்ஸ்டி4ஓ என்டிஎஃப்எஸ்ஸோ கெட்டால் ரெக்கவரி செய்ய பத்துக் கருவி இருக்கிறது. இசட்எஃப்எஸ் பூல் (அது ஒன்றாகச் சேர்த்த டிஸ்க்குகள்) திறக்காமல் போனால் நம்ம ஊரில் யாரிடம் போவீர்கள்?

மேலப்பாளையம் டூ மஸ்கட் | ஞாயிறு மாலை 4.45

அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் நகல்கள் எல்லாம் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் இருக்கக்கூடாது என்பது என் கட்சி. முதன்மை நகல் இசட்எஃப்எஸ் மிரர். வெளியூர் நகல் இஎக்ஸ்டி4. ஒன்றின் பிழை மற்றொன்றைத் தொடாது.

தென்காசி சாரல் | ஞாயிறு இரவு 7.30

ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. ஆனாலும் இதில் எனக்கும் ஒரு தழும்பு உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் திங்கட்கிழமை காலை ஆபீஸைத் திறந்தால் எல்லா ஃபைலுக்கும் பின்னால் ஏதோ புரியாத எழுத்து. பணம் கட்டினால் திறந்து தருவோம் என்று ஒரு குறிப்பு. சர்வரில் மிரர் இருந்தது, அதிலும் அப்படியே. பேக்கப் டிஸ்க் என்று ஒன்று எப்போதும் சொருகியே இருந்தது, அதையும் பூட்டிவிட்டார்கள். எங்களைக் காப்பாற்றியது என்ன தெரியுமா? எங்கள் பெரிய கணக்கர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவார். அவரை "பழைய காலத்து ஆள்" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். சனிக்கிழமை வேலை மட்டும்தான் போனது.

அதனால் மிரர் மிரர் என்று சொல்லும் தம்பிகளிடம் ஒரு கேள்வி. கண்ணாடி முன்னால் கன்னத்தில் அறைந்தால் கண்ணாடிக்குள்ளும் அறை விழும்தானே?

அம்பை சர்வர் | ஞாயிறு இரவு 7.44

அக்கா, இனி மிரர் பற்றி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டிலும் ஸ்னாப்ஷாட் உண்டு. இவை இருக்கும் வரியை அழித்து அதே இடத்தில் எழுதுவதில்லை. புது இடத்தில் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் முகவரியை மட்டும் மாற்றும். நடுவில் கரண்ட் போனாலும் பழைய வரி பத்திரமாக இருக்கும். அந்தப் பழைய வரிகளை அழிக்காமல் பிடித்து வைப்பதுதான் ஸ்னாப்ஷாட். நெட்வொர்க் ஃபோல்டர் வழியாக வரும் வைரஸ் இன்றைய ஃபைலைப் பூட்டலாம், நேற்றைய ஸ்னாப்ஷாட்டைத் தொட முடியாது. சர்வரின் அட்மின் பாஸ்வேர்டே அவன் கையில் சிக்கினால் அதுவும் போகும். அப்போது சாமி படத்துக்குப் பின்னால் இருப்பதுதான் கதி.

கல்லிடை வாத்தியார் | ஞாயிறு இரவு 9.05

ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியன். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுப் பரணில் இருந்த ஏடுகளையும் தாத்தாவின் கடிதங்களையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மொத்தம் 40 ஜிபி. விண்டோஸ் லேப்டாப், இரண்டு பென் டிரைவ். இந்த மிரர், பூல் எல்லாம் எனக்கும் வேண்டுமா?

நீங்கள் பேசுவதைப் படித்தபோது ஏடு பெயர்த்து எழுதினவர்கள் ஞாபகம் வந்தது. செல்லரிக்கும் முன்னால் புது ஓலையில் எழுதிவைப்பார்கள். எழுதினவன் கண் அசந்த இடத்தில் பிழை ஏறும், அடுத்தவன் அந்தப் பிழையை அச்சுப் பிசகாமல் எழுதுவான். பாட்டுக்கு எண் போட்டிருந்தால் விடுபட்டது எது என்றாவது தெரியும். எண் இல்லாத உரைநடையில் அதுவும் தெரியாது.

மேலப்பாளையம் டூ மஸ்கட் | ஞாயிறு இரவு 9.40

ஐயா, உங்களுக்கு எதுவும் மாற்ற வேண்டாம். விண்டோஸிலேயே இருங்கள். இரண்டு காரியம் போதும்.

ஒன்று, எல்லா ஃபைலுக்கும் ஷா-256 என்ற வகைச் செக்சம் பட்டியல் எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக அதே ஃபோல்டரில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன பாட்டு எண்தான் அது. இரண்டு, பார்2 என்று ஒரு கருவி இருக்கிறது. பத்து சதவீதம் கூடுதல் இடம் கொடுத்தால், கெட்ட பகுதி அந்த அளவுக்குள் இருக்கும்வரை அதுவே திருத்திக் கொடுத்துவிடும். எந்த ஃபைல் சிஸ்டத்திலும் வேலை செய்யும்.

பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். ஃப்ளாஷ் மெமரி பவர் இல்லாமல் கிடந்தால் மெல்ல மெல்ல மறக்கும், சூடு ஏற ஏற மறதியும் வேகமாகும். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டுப் பரண் அதற்கு நல்ல இடம் இல்லை. எஸ்எஸ்டிக்கும் இதே கதைதான். எடுத்துப் பூட்டி வைப்பதற்கு இன்றைக்கும் ஹார்டு டிஸ்க்கே மேல்.

கல்லிடை வாத்தியார் | ஞாயிறு இரவு 9.52

பரணிலிருந்து எடுத்து மறுபடியும் பரணிலேயே வைத்திருந்தேன். நாளைக்கே இறக்குகிறேன்.

வண்ணார்பேட்டை கேமரா | திங்கள் காலை 7.15

இரண்டு தடவை படித்தேன். ஃபைல் சிஸ்டம் எது என்று கேட்டு வந்தேன், என் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது என்று தெரிகிறது. வெள்ளத்துக்கு முன்னால் மூன்று நகல் வைத்திருந்தவன் நான். ஒரு நாளாவது மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்தப் படம் எப்போது கெட்டது என்றாவது தெரிந்திருக்கும்.

மூன்று நகல், இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியே என்ற கணக்கு எனக்கும் தெரியும். அமெரிக்காவில் பீட்டர் கிரோக் என்ற போட்டோகிராபர் பரப்பிய விதி அது, எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வோம். ஆனால் "வெளியே" என்றால் எவ்வளவு வெளியே என்று நான் யோசிக்கவே இல்லை. 30 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போதும் என்று நினைத்தேன். அந்த 30 கிலோமீட்டரும் தாமிரபரணிக் கரையிலேயே போகிறது.

சரி, மூன்று சந்தேகம். மிரருக்கு என்ன டிஸ்க் வாங்குவது? கரண்ட் எப்படி? வெளியூர் நகலை கிளவுடில் ஏற்றிவிடலாமா?

காற்றாடி | திங்கள் காலை 8.30

டிஸ்க்: வாங்கும்போது எஸ்எம்ஆர் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆரில் தடங்களை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதியிருப்பார்கள். ஒரு ஓடு மாற்ற வேண்டும் என்றால் பக்கத்து ஓடுகளையும் கழற்ற வேண்டும். சும்மா எழுதி வைக்கச் சரி. மிரரில் ஒரு டிஸ்க் செத்து, புதுசு போட்டு மறுபடி நிரப்பும்போது நாள் கணக்கில் இழுக்கும். அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் ஒற்றை டிஸ்க்கும் போனால் கதை முடிந்தது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காமல் கொஞ்சம் மாற்றி வாங்குங்கள், ஒரே கூட்டத்தில் வந்தவை ஒன்றாக நோய்ப்படும்.

டிஸ்க்கை பிசிக்குள்ளேயே மாட்டுங்கள். யுஎஸ்பி பெட்டிகளில் சில, "எழுதிவிட்டேன்" என்று பொய் சொல்லும், எழுதியிருக்காது. எந்த ஃபைல் சிஸ்டமும் டிஸ்க் சொல்வதை நம்பித்தான் பிழைக்கிறது.

கரண்ட்: ஆடிக் காற்றில் எங்கள் பக்கம் லைன் எத்தனை தடவை போய் வருகிறது என்று எண்ணி முடியாது. வீட்டு இன்வெர்ட்டரில் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கும், யுபிஎஸ் மோடு, சாதா மோடு என்று. சாதா மோடில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது, பிசி அணைந்துவிடும். சர்வருக்குத் தனியாக ஒரு யுபிஎஸ் வையுங்கள். பேட்டரி குறைந்தால் பிசியைத் தானே ஷட்டவுன் செய்ய வைக்கும் யுஎஸ்பி ஒயரையும் மாட்டுங்கள். அந்த ஒயர் எல்லார் வீட்டிலும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே தூங்குகிறது. ஐப்பசி இடிக்கு நெட் ஒயர் வழியாகவும் அடி வரும், அதையும் மறக்க வேண்டாம்.

மேலப்பாளையம் டூ மஸ்கட் | திங்கள் காலை 9.10

கிளவுடுக்கு ஒரு கணக்கு. 9 டிபி, உங்கள் ஃபைபரில் மேலே ஏறும் வேகம் 50 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷம் நிற்காமல் ஏற்றினால் கிட்டத்தட்ட 17 நாள். மாதாமாதம் வாடகை வேறு. முக்கியமான பகுதியை மட்டும், அதாவது ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த படங்களை, ஏற்றுங்கள். மீதிக்கு ஒரு டிஸ்க், ஒரு மஞ்சள் பை, புது பஸ் ஸ்டாண்டில் தென்காசி பஸ். ஒன்றரை மணி நேரத்தில் 9 டிபி போய்ச் சேர்ந்துவிடும். எந்த ஃபைபரும் கிட்டே வர முடியாது.

தென்காசி சாரல் | திங்கள் காலை 9.25

எங்கள் வீடு மேட்டில், அதுவும் மாடி. கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊர்ப்பட்ட கல்யாணப் படம் என் வீட்டில் திறந்து கிடக்க வேண்டாம், பூட்டிக் கொடுங்கள்.

பாளை லேப் | திங்கள் பகல் 1.00

அந்த டிஸ்க் இஎக்ஸ்டி4 தானே?

அம்பை சர்வர் | திங்கள் பகல் 1.04

இஎக்ஸ்டி4 தான் அண்ணாச்சி. லக்ஸ் என்ற லினக்ஸ் பாஸ்வேர்டு பூட்டுப் போட்டு, உள்ளே இஎக்ஸ்டி4, கூடவே ஷா-256 பட்டியல். உங்களுக்கும் ஜெயம்.

வண்ணார்பேட்டை கேமரா | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8.40

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மெமரி டெஸ்டில் பழைய பிசியின் இரண்டு ரேம் குச்சியில் ஒன்று தேறவில்லை. சங்கரன்கோவில் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் காப்பி செய்ததே அந்த பிசியில்தான். அதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் நான் அந்தக் குச்சியை உடைத்துப் போட்டேன்.

எல்லா ஜேபெக்கையும் முழுதாகத் திறந்து பார்க்கும் ஒரு ஸ்க்ரிப்டை அம்பை தம்பி எழுதிக் கொடுத்தார். 2,14,000 சொச்சம் படத்தில் 41 கெட்டிருக்கிறது. எண்ணிக்கையில் ஒன்றுமில்லைதான். அந்த 41ல் ஒன்று தாலி கட்டும் படமாக அமைந்தது என் ஜாதகம். அந்தப் பையனுக்கு இரண்டாவது கேமராவில் பக்கவாட்டில் எடுத்த படம் கிடைத்தது, முடிச்சுப் போடும் கை நன்றாகத் தெரிகிறது. பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. மீதி 40ல் 26 படம் கஸ்டமர்களுக்குக் கொடுத்த பென் டிரைவ்களில் நல்லபடியாக இருந்தது. ஊர் ஊராகப் போய் வாங்கினேன். களக்காட்டில் ஒரு வீட்டில் சாப்பிட வைத்தே அனுப்பினார்கள்.

பிசியில் உபுண்டு, 12 டிபி டிஸ்க் இரண்டு, இசட்எஃப்எஸ் மிரர். ஸ்டுடியோ தரைத்தளம் என்பதால் பிசியை மாடியில் வைத்தாயிற்று. தினமும் ஸ்னாப்ஷாட். மாதம் ஒருமுறை, இரண்டாவது ஞாயிறு, தானே ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படித்துச் செக்சத்தோடு ஒப்பிடும் வேலை) ஓடும்படி உபுண்டுவிலேயே வைத்திருக்கிறார்கள், எனக்கு அது தெரியாது. நான் அவசரப்பட்டு முதல் வாரமே கையால் ஓட்டினேன். 14 மணி நேரம். ஒரு டிஸ்க்கில் 3 செக்சம் பிழை, மூன்றையும் அதுவே திருத்திவிட்டது. டிஸ்க்தான் போச்சு என்று வயிறு கலங்கிவிட்டது. காற்றாடி அண்ணன் போனிலேயே "சாட்டா ஒயரை மாற்றும் வே" என்றார். டிஸ்க்கை பிசியோடு இணைக்கும் அந்த ஒயரை மாற்றினேன். இன்றைக்கு ஓடிய ஸ்க்ரப்பில் பிழை பூஜ்யம்.

பழைய யுஎஸ்பி டிஸ்க்குகளில் ஒன்றை வெள்ளிக்கிழமை மட்டும் சொருகுகிறேன். எங்கள் வீட்டிலும் சாமி படம் இருக்கிறது. இன்னொன்றை பூட்டுப் போட்டு நேற்று பஸ்ஸில் தென்காசிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

தென்காசி சாரல் | ஞாயிறு இரவு 9.02

மேல் ஷெல்ஃபில் இருக்கிறது. கூட வந்த அல்வா இல்லை, முடிந்துவிட்டது.

கல்லிடை வாத்தியார் | ஞாயிறு இரவு 9.15

நல்லது தம்பி. அந்தப் பூட்டின் பாஸ்வேர்டை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?

வண்ணார்பேட்டை கேமரா | ஞாயிறு இரவு 9.21

மாடியில் இருக்கும் பிசியில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில்.

காற்றாடி | ஞாயிறு இரவு 9.22

ஏ சவமே!

வண்ணார்பேட்டை கேமரா | ஞாயிறு இரவு 9.23

பேப்பர் எடுத்துவிட்டேன், பேப்பர் எடுத்துவிட்டேன்.